ஆவணமும் புனைவும் கலந்த படம்: ஒட்டு தெரியாமல் எடுப்பது எப்படி?

ஒரு தையல்காரரைப் பற்றிய படம் என்று வைத்துக்கொள்வோம். தையல்காரர் நிஜம், கடை நிஜம், அவர் வெட்டும் துணியும் நிஜம். கடையை விற்கப் போவதாக மகனிடம் அவர் சொல்லும் காட்சி மட்டும் நாம் உண்டாக்கியது. இப்படி ஒரு படத்தில் இறங்குபவர்கள், நடிக்கத் தெரியாதவரை எப்படி நடிக்க வைப்பது என்றுதான் முதலில் கவலைப்படுகிறார்கள். அது இரண்டாவது பிரச்சினை. ஒட்டுப் போட்ட இடம் முகத்தில் தெரிவதற்கு முன்பே கேமரா நிற்கும் இடத்திலும் ஒலியிலும் தெரிந்துவிடும்.

காகித வேலை

காட்சிகளை மூன்றாகப் பிரியுங்கள்: தானாக நடப்பது, முன்பு நடந்ததை மறுபடி நடத்திக் காட்டுவது, முழுக்கக் கற்பனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற அட்டை. எடிட்டிங் டைம்லைனிலும் அதே நிறங்களைப் பயன்படுத்துங்கள்.

கற்பனைக் காட்சிக்கு வசனம் எழுத வேண்டாம். மனப்பாடம் செய்தவர் அடுத்த வரியைத் தேடுவது கண்ணிலேயே தெரியும். அட்டையில் மூன்று வரி போதும்: யாருக்கு என்ன வேண்டும், யாருக்கு எது தெரியாது, எந்த இடத்தில் காட்சி முடிய வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில், அவர் வாழ்க்கையில் நடக்காத எந்தெந்தச் சம்பவங்களில் தோன்றுகிறார் என்று காட்சிவாரியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கதைக்காக அவரைத் திருடனாகவோ குடிகாரனாகவோ காட்டுவதாக இருந்தால் பாத்திரத்துக்கு வேறு பெயர் வையுங்கள். படம் வெளிவந்த பிறகு அக்கம்பக்கத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், நீங்கள் அல்ல. வேலை கெடும் நாட்களுக்கான பணத்தையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

ஆவணப் பகுதி முதலில்

கற்பனைக் காட்சிகளுக்கு முன் குறைந்தது மூன்று நாள் வெறும் ஆவணமாக எடுங்கள். அவர் எந்தச் சொல்லால் பேசுகிறார், கோபம் வந்தால் கத்துகிறாரா அல்லது துணியை மடிக்க ஆரம்பிக்கிறாரா என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். பாதிக் காட்சிகளை மாற்றி எழுத வேண்டியிருக்கும். அது நல்லதே.

அந்த நாட்களில் சட்டை, தாடி, சுவர்க் கடிகாரம், நாட்காட்டி, மேசைப் பொருட்கள் எல்லாவற்றையும் செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் பொருத்தம், பெரும்பாலும் உதைப்பது நாட்காட்டியில்தான்.

கேமராவுக்கு எதுவும் முன்கூட்டித் தெரியக் கூடாது

நிஜத்தில் கதவு திறந்த பிறகுதான் கேமரா அந்தப் பக்கம் திரும்பும். ஃபோகஸ் பிடிக்க ஒரு நொடி ஆகும். நாம் உண்டாக்கிய காட்சியிலோ, மகன் உள்ளே வருவதற்கு முன்பே கேமரா கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் செட்டப் என்று பட்டுவிடும். ஆகவே மகன் வருவான் என்பதை ஒளிப்பதிவாளரிடம் சொல்லலாம். எப்போது வருவான் என்று சொல்லாதீர்கள். தையல்காரரின் கையைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது குரல் கேட்கட்டும். கேமரா தானாகத் திரும்பட்டும், அரை வாக்கியம் தப்பிப் போனாலும் பரவாயில்லை.

இதே காரணத்துக்காக, ஒரே வரியை அப்பா பக்கமும் மகன் பக்கமும் தனித்தனியாக எடுத்து ஒட்டாதீர்கள். ஒற்றைக் கேமராவில் அப்படி எடுத்தால் அந்த வரி இருமுறை பேசப்பட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும். முழுக் காட்சியையும் தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு தடவை ஓட்டுங்கள். இரண்டாம் தடவை கேமரா வேறு மூலையில் நிற்கட்டும். வெட்டுக்கு உதவக் கத்தரிக்கோல், ஊசி, மடித்த துணி என ஐந்தாறு நெருக்க ஷாட்கள் தனியாக வேண்டும்.

வேண்டுமென்றே கேமராவை ஆட்டுவது படுமோசம். கையில் பிடித்துப் படமெடுப்பவர் ஆடாமல் இருக்கத்தான் முயல்வார். ஒன்றைத் தேடித் திரும்பும்போதுதான் ஆடும்.

இரு பகுதிகளுக்கும் அதே கேமரா, அதே இரண்டு லென்ஸ். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50; 60 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டர் 1/60. இல்லாவிட்டால் கடை விளக்குகள் ஷாட்டில் துடிக்கும். கூடுதல் விளக்கு வைக்கும் ஆசையை அடக்குங்கள். 1922இல் வெளிவந்த 'நானூக் ஆஃப் தி நார்த்' ஆவணப் படத்துக்காக ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி பனிவீட்டைப் பெரிதாகக் கட்டச் செய்து, ஒரு பக்கத்தைத் திறந்தே விட்டார். உள்ளே கேமராவுக்கு இடமும் வெளிச்சமும் போதவில்லை. இன்றைய கேமராக்கள் மங்கிய வெளிச்சத்தில், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200இல்கூடத் தாக்குப்பிடிக்கும்.

நடிக்காதவரை நடத்துவது

கைக்கு வேலை கொடுங்கள். பாபினில் நூல் சுற்றிக்கொண்டே பேசுபவருக்குத் தன் முகத்தைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது. நூல் அறுந்தால் நிறுத்தாதீர்கள். மறுபடி கோக்கும் அந்த மௌனம் எழுதி வாங்க முடியாதது. கடையை விற்கும் செய்தியை அப்பாவிடம் மட்டும் சொல்லி வையுங்கள், மகனுக்குத் தெரிய வேண்டாம். மகன் முதல்முறை கேட்கும் முகம் ஒரு டேக்கில்தான் கிடைக்கும். கேமராவை முதலில் அவன் பக்கம் வையுங்கள். ஆனால் இதெல்லாம் கற்பனை என்பதை அவன் முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

'ஆக்‌ஷன்' சொல்லாதீர்கள். மூன்று நிமிடம் முன்பே பதிவைத் தொடங்கிவிட்டு, கிளாப் பலகையைக் காட்சி முடிந்த பிறகு தலைகீழாகப் பிடித்து அடியுங்கள். மூன்று டேக்குக்கு மேல் போனால் அவர் தன் முதல் டேக்கைத் தானே நகலெடுக்கத் தொடங்குவார். அப்போது கை வேலையை மாற்றுங்கள், அல்லது அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

ஒலி

ஆவணப் பகுதியில் மின்விசிறி, தெரு, பக்கத்துக் கடை எல்லாம் இரையும். கற்பனைக் காட்சிக்கு யாரோ எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். கடை சட்டென்று ஸ்டுடியோ ஆகிவிடும். பேசும்போது விசிறியை அணைத்தாலும், பிறகு அதை ஓடவிட்டு 60 நொடி ரூம் டோன் (யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் ஒலி) பதியுங்கள். எடிட்டிங்கில் காட்சி முழுக்க அதை அடியில் ஓட்டுங்கள். சட்டையில் குத்தும் லேப்பல் மைக், கம்பில் பிடிக்கும் பூம் மைக் இரண்டும் இரு பகுதிகளுக்கும் ஒன்றே. ஒலிப்பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில்.

டப்பிங் வேண்டாம். ஒரு வரி தெளிவில்லை என்றால் அன்றே, அதே இடத்தில், அதே மைக்கில் திரும்பச் சொல்ல வைத்துப் பதியுங்கள். பொருந்தாத ஒலியை மறைக்க முடியாவிட்டால் அதையே பாணியாக்கலாம். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரூஷ் 'முவா, அன் நுவார்' (1958) எடுத்தபோது படத்தோடு ஒலியைப் பதியும் வசதி அவரிடம் இல்லை. படத்தைப் போட்டுக் காட்டி, அதில் தோன்றியவர்களையே மனம்போனபடி பேசவைத்துப் பதிந்தார்.

எடிட்டிங்

கற்பனைக் காட்சியை அதே கடையின் நிஜ ஷாட் எட்டு, பத்து நொடி ஓடிய பிறகு தொடங்குங்கள். கற்பனைக் காட்சியின் ஒலி மட்டும் இரண்டு நொடி முன்பே நுழையட்டும். அந்த இடத்தில் இசை சேர்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நிறத்திருத்தமும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

விஷயம் தெரியாத ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டி, முடிந்த பிறகு எந்தக் காட்சி உறுத்தியது என்று மட்டும் கேளுங்கள். எல்லோரும் ஒரே காட்சியைச் சொன்னால், அதற்கு முந்தைய பத்து நொடியைப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கடைசியில், பெயர்ப் பட்டியலுக்கு முன், எந்தச் சம்பவங்கள் கற்பனை என்று கறுப்புத் திரையில் இரண்டு வரி, ஆறு நொடி நிற்கட்டும். அதை ஒருமுறை தையல்காரரிடம் படித்துக் காட்டிவிட்டு வையுங்கள்.