குழந்தைகளைப் படமெடுக்கப் போகிறீர்களா? கேமராவுக்கு முன் சான்றிதழ்

பள்ளி ஆண்டு விழாவைப் படமெடுக்க முதல் வாய்ப்பு வந்ததும் நாம் யோசிப்பது லென்ஸைப் பற்றி. பள்ளி கேட்பதோ பின்னணிச் சரிபார்ப்புச் சான்றிதழை, அதாவது நம்மீது குற்றப் பதிவு உண்டா என்று பார்த்துத் தரும் சான்றை. 'என்னைச் சந்தேகப்படுகிறார்களா?' என்று முகம் சுளிக்க வேண்டாம். வங்கியில் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு யாராவது கோபித்துக்கொள்கிறோமா?

1. எந்தச் சான்றிதழ் என்று கேளுங்கள்

விண்ணப்பிக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் முறை நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் குழந்தைகளோடு பணிபுரிவோருக்கென்றே தனிச் சரிபார்ப்பு உண்டு. அதையும் அந்தந்த மாநிலமே நடத்துகிறது. இங்கிலாந்தில் 2012இல் உருவான டிபிஎஸ் என்ற அமைப்பு பல நிலைகளில் சான்றிதழ் தருகிறது. அடிப்படைச் சான்றிதழுக்கு யாரும் விண்ணப்பிக்கலாம். மிக விரிவானதற்கு வேலையின் தன்மை பொருந்த வேண்டும். ஒரே நாள் வந்து வகுப்புப் படம் எடுப்பவருக்கும் வாரந்தோறும் குழந்தைகளோடு இருப்பவருக்கும் ஒரே அளவுகோல் கிடையாது.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

அடையாள அட்டை, முகவரிச் சான்று, முன்பு குடியிருந்த முகவரிகள் (டிபிஎஸ் கேட்பது 5 ஆண்டு விவரம்), பெயர் மாற்றியிருந்தால் பழைய பெயர். தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் சுருங்கியும் இன்னொன்றில் விரிந்தும் இருப்பது நம்மவர்களுக்கே உரிய தலைவலி, முதலிலேயே சரிசெய்துவிடுங்கள். பழைய வழக்கு ஏதாவது இருந்து, படிவம் கேட்டால், மறைக்காதீர்கள். எல்லா வழக்கும் வேலையைக் கெடுக்காது. மறைத்தது தெரிந்தால் கெடுத்துவிடும்.

3. உதவியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

விளக்கு பிடிக்க வரும் தம்பிக்கு உங்கள் சான்றிதழ் செல்லாது. அவருக்கும் தனியாக வேண்டுமா என்று கேளுங்கள்.

4. தேதியைக் கவனியுங்கள்

சான்றிதழ் சொல்வது அது வழங்கப்பட்ட நாள் வரையிலான கதையை மட்டுமே. டிபிஎஸ் சான்றிதழைத் தொடர்ந்து புதுப்பித்து வைக்கும் சேவையில் சேர, அது வழங்கப்பட்டதிலிருந்து 30 நாள்தான் அவகாசம். நாளை மறுநாள் விழா என்றால் இன்று விண்ணப்பித்துப் பயனில்லை.

5. படமெடுக்கும் நாளில்

என்னைக் கேட்டால், காகிதத்தைவிட இதுவே பெரிது. குற்றப் பதிவே இல்லாதவர் என்பதும் பாதுகாப்பானவர் என்பதும் ஒன்றல்ல. பள்ளிக்கும் அது தெரியும். ஆகவே எந்தக் குழந்தையோடும் தனியறையில் இருக்காதீர்கள். ஆசிரியரோ பெற்றோரோ கண்ணெதிரில் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். காலர் மடங்கியிருந்தால் நீங்கள் கைவைக்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். உடை மாற்றும் இடத்தின் பக்கம் கேமராவோடு போகவே வேண்டாம். குழந்தையின் கைபேசி எண் உங்களுக்குத் தேவையில்லை, உங்கள் எண் குழந்தைக்கும் தேவையில்லை.

பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலில் படம் எதற்குப் பயன்படும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஆண்டு மலருக்குக் கொடுத்த ஒப்புதல் உங்கள் விளம்பரத்துக்குச் செல்லாது. இணையத்தில் ஏற்றும் முன் கோப்பில் பதிந்திருக்கும் இடக் குறிப்பை நீக்குங்கள். படங்களை ஒப்படைத்த பிறகு நினைவக அட்டையை எப்போது அழிப்பீர்கள் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.