சுவர் நிறத்தைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள்

புது வீட்டுக்கு டைல்ஸ் வாங்கும் முன்பே பெயின்ட் நிறங்கள் அச்சிட்ட ஷேட் கார்டைப் புரட்டி ஹாலுக்கு இது, படுக்கையறைக்கு அது என்று குறித்துவிடுகிறவர்கள் அதிகம். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். பெயின்டை எந்த நிறத்திலும் கலந்து வாங்கலாம். டைல்ஸ், சமையல் மேடைக் கிரானைட், தேக்குக் கதவு, அலமாரி லேமினேட் ஆகியவை கடையில் இருப்பதுதான் கிடைக்கும், இருபது வருடம் அப்படியே இருக்கும். மாற்ற முடியாததை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒத்துப்போகிற மாதிரி சுவரைப் பார்க்க வேண்டும்.

தரையில் தொடங்குங்கள். நம் வீடுகளில் அதிகம் போடப்படும் ஐவரி விட்ரிஃபைடு டைல்ஸ் எல்லாம் ஒரே நிறம் இல்லை. சிலவற்றில் மஞ்சள் சாயல் இருக்கும், சிலவற்றில் இளஞ்சிவப்பு, சிலவற்றில் சாம்பல். தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வெள்ளை ஏ4 தாளை டைல்ஸ் மேல் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்; சாயல் உடனே தெரிந்துவிடும். மஞ்சள் சாயல் தரைக்கு இளஞ்சிவப்பு கலந்த பீஜ் அடித்தால் தரை அழுக்குப் பிடித்ததுபோல் இருக்கும். எத்தனை முறை துடைத்தாலும் அந்தத் தோற்றம் போகாது. சிவப்பு ஆக்சைடு தரையோ ஆத்தங்குடிக் கல்லோ இருந்தால் வேலை இன்னும் எளிது: தரையே போதுமான நிறம், சுவர் சுண்ணாம்பு வெள்ளையை ஒட்டிய மங்கல் வெள்ளையாக இருந்தால் போதும்.

அடுத்தது வெளிச்சம். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். வடக்கு பார்த்த அறைக்கு வெயிலே வராது, ஆகவே வெதுவெதுப்பான நிறம் அடியுங்கள் என்று குளிர்நாட்டுக் குறிப்புகள் சொல்லும். அது நமக்குப் பாதிதான் பொருந்தும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மூன்று மாதத்துக்கும் மேலாக அது வடக்குப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். தெற்கு ஜன்னலில் வெயில் ஆழமாக உள்ளே விழுவது மார்கழி, தை மாதங்களில்தான். உண்மையில் தொல்லை கொடுப்பது மேற்கு. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வரும் மஞ்சள் வெயிலில் பீச், வெளிர் ஆரஞ்சு, அடர் கிரீம் எல்லாம் எரிவதுபோல் தெரியும். அறை இருப்பதைவிட வெக்கையாகத் தோன்றும். மேற்கு அறைக்குச் சாம்பல் கலந்த வெளிர் நீலமோ வெளிர் பச்சையோ அடக்கமாக இருக்கும். கிழக்கு அறை காலையில் பொன்னிறம், மதியத்துக்குப் பின் மங்கல். ஆகவே அந்த அறையில் நீங்கள் எந்த நேரத்தில் அதிகம் இருப்பீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றடி தள்ளி அடுத்த வீட்டு ரோஸ் சுவர் இருந்தால், உங்கள் வெள்ளைச் சுவரும் பகலில் லேசான ரோஸாகத்தான் தெரியும். வேப்ப மரம் நின்றால் பச்சை சாயல் உள்ளே வரும். இது பெயின்டின் குறையல்ல. கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை.

இரவு விளக்கு தனிக் கணக்கு. எல்இடி பெட்டியில் 3000கே, 4000கே, 6500கே என்று அச்சிட்டிருக்கும். எண் ஏற ஏற வெளிச்சம் நீலம் பக்கம் போகும். பலர் வீட்டில் இருப்பது 6500. அதில் பீஜ், கிரீம் நிறங்கள் உயிரில்லாமல் வெளுத்துப்போகும். 3000இல் வெளிர் நீலம் அழுக்குச் சாம்பலாகிவிடும். ஹாலுக்கு 4000 இரண்டுக்கும் நடுவில் நிற்கும். விளக்கை முடிவு செய்யாமல் நிறத்தை முடிவு செய்யாதீர்கள்.

இனி ஷேட் கார்டு. அதில் இருப்பது தீப்பெட்டி அளவுத் துண்டு. நான்கு சுவரிலும் அடிக்கும்போது ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும், அதனால் அட்டையில் பார்த்ததைவிட நிறம் அழுத்தமாகத் தெரியும். மனதுக்குப் பிடித்ததை எடுத்து, அதே வரிசையில் ஒரு படி வெளிறியதை மாதிரிக்கு வாங்குங்கள். மாதிரியைப் பழைய நிறத்தின் மேல் நேராக அடிக்கக் கூடாது. இரண்டடிக்கு இரண்டடி கெட்டி அட்டையில் ஒரு கோட் வெள்ளை ப்ரைமர், காய்ந்தபின் நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு கோட் நிறம் அடியுங்கள். ஈரத்தில் வெளிறித் தெரியும் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) காய்ந்ததும் சற்று அழுத்தமாகும். அதனால் மறுநாள்தான் பார்க்க வேண்டும். அட்டையை ஜன்னல் உள்ள சுவரிலும் அதன் எதிர்ச்சுவரிலும் மாற்றி மாற்றிச் சாத்தி, காலை ஏழு, நண்பகல், மாலை நான்கு, இரவு விளக்கு என நான்கு வேளையும் பாருங்கள். டைல்ஸ் துண்டும் திரைச்சீலைத் துணியும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு சுவருக்கு மட்டும் அடர்நிறம் அடிப்பதாக இருந்தால் ஜன்னல் இல்லாத சுவரைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் இருக்கும் சுவர் வெளிச்சத்துக்கு எதிரே ஏற்கெனவே இருண்டுதான் தெரியும். அதில் அடர்நீலம் அடித்தால் கண் கூசும். ஒன்பதரை அடி உயர அடுக்குமாடி அறைகளில் கூரை வெள்ளையாகவே இருக்கட்டும்.

பளபளப்பு ஏற ஏறத் துடைப்பது எளிது. பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளமும் அந்த அளவுக்குக் காட்டிக்கொடுக்கும். பட்டி வேலை சுமார் என்றால் பளபளப்பில்லாத மேட் வாங்குங்கள். சமையலறைக்கும், விளக்குப் புகை படியும் பூஜை இடத்துக்கும், குழந்தைகள் கை வைக்கும் உயரத்துக்கும் துடைக்கக்கூடியதே வேண்டும்.

அளவு போடுவது கடினமில்லை. 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் 440 சதுரடி. ஒரு கதவுக்கு 21, இரண்டு ஜன்னலுக்கு 32 கழித்தால் 387. நன்றாகப் பட்டி, ப்ரைமர் ஆன சுவரில் நல்ல எமல்ஷன் லிட்டருக்குச் சுமார் 120 சதுரடி இரண்டு கோட் வரும். ஆக மூன்றேகால் லிட்டர். 4 லிட்டர் டின் வாங்கினால் மீதி, பின்னால் கறை படும் இடத்துக்கு உதவும். அடர்நிறத்துக்கு இந்தக் கணக்கு போதாது. அதை வெள்ளை பேஸில், அதாவது சாயம் சேர்க்கும் முன் உள்ள வெள்ளைப் பெயின்டில், கலக்க முடியாது, வெண்மை குறைந்த பேஸில் அதிகச் சாயம் விட்டுக் கலப்பார்கள். அது அடிச்சுவரைச் சரியாக மூடாது. மூன்றாவது கோட் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அறைக்கு இரண்டு டின் என்றால் இரண்டையும் பெரிய பக்கெட்டில் ஒன்றாகக் கலந்தபின்தான் ரோலரைத் தொடலாம். தனித்தனியாக அடித்தால் டின் மாறிய இடம் சுவரில் கோடாகத் தெரியும்.

சிமென்ட் பூச்சு முடிந்து குறைந்தது 28 நாள் ஆறாத சுவரில் எந்த நிறமும் அடிக்க வேண்டாம். சிமென்டின் காரம் சாயத்தை வெளுக்க வைத்துத் திட்டுத்திட்டாக்கும். ஓதம் உள்ள சுவரில் உப்பு பூத்துப் பெயின்ட் உரியும். அடர்நிறத்தில் அந்த வெள்ளைப் பூப்பு முதல் மழைக்கே பளிச்சென்று தெரிந்துவிடும், வெளிர்நிறத்தில் கொஞ்சம் மறையும். நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைத்தபின்தான் நிறத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வெளிச்சுவரில், குறிப்பாக மேற்கில், பளீர் சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும். அவற்றின் சாயம் வெயில் தாங்காது. காவி, செங்கல் நிறம், மண் மஞ்சள் ஆகியவை இரும்பு ஆக்சைடால் வருபவை, வருடக்கணக்கில் நிற்கும்.

வேலை முடிந்ததும் டின் மூடியில் உள்ள நிற எண், பேஸ், கலந்த தேதி எழுதிய ஒட்டுச்சீட்டைப் படம் எடுத்துவிட்டு, மீதிப் பெயின்டைச் சிறிய பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி இறுக மூடுங்கள். பாதி டின்னில் விட்டால் உள்ளே இருக்கும் காற்று பட்டு ஆடை படர்ந்துவிடும்.