ஆளில்லாத டவர் அறைக்கு ஓர் ஆயாவைக் காவல் வைப்பது எப்படி?

செங்குன்றம், கும்மிடிப்பூண்டிப் பக்கங்களில் தனித்து நிற்கும் செல்போன் டவர் அறைகளைப் பராமரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருடனுக்கு உங்கள் ரௌட்டரில் பெரிதாக அக்கறை இல்லை. 2 வோல்ட் செல்கள் 24 சேர்ந்த 48 வோல்ட் பேட்டரி வரிசை, எர்த்திங் செம்பு, ஜெனரேட்டர் டீசல் ஆகியவையே அவன் குறி. ஈயமும் செம்பும் காயலான் கடையில் எடைக்குப் போகும்.

முதற்படி, பலகை. மண்டையோட்டுப் பலகையைக் கண்டு இப்போது எவரும் அஞ்சுவதில்லை. சட்டப்படி அது இருக்கட்டும். அதனருகே "கழிவுநீர் மோட்டார்: திறந்தால் பொங்கும்" என்று எழுதி மாட்டுங்கள். "பாம்பு நடமாட்டம்" என்பதைப் பள்ளிக்கரணையில் நம்புவார்கள், தியாகராய நகர் மொட்டை மாடியில் நம்பமாட்டார்கள். கேபிள் குழாயின்மேல் மட்டும் உண்மையை எழுதுங்கள்: "உள்ளே கண்ணாடி இழை; செம்பு இல்லை."

இரண்டாம் படி, பேட்டரிக்கு வாடாமல்லி நிறம் பூசி, எல்லாப் பக்கமும் தள எண்ணைப் பெரிதாக எழுதுவது. வாங்குகிற கடைக்காரர் ஒரு கணமாவது தயங்குவார். வாயு வெளியேறும் வால்வின் மீதும் முனைகளின் மீதும் பெயிண்ட் படக்கூடாது.

மூன்றாம் படிதான் ஆயா. கதவில் காந்தம் விலகுவதை உணரும் ரீட் சுவிட்ச், உள்ளே ஈஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, பதிவை ஒலிக்கவிடும் டிஎஃப்பிளேயர், சிறிய ஆம்ப்ளிஃபயர், ஹாரன் ஸ்பீக்கர். கதவு திறந்ததும் "யார்ரா அது? இரு, பையனைக் கூப்புட்றேன்!" என்று வயதான அம்மா ஒருவர் பேசிய பதிவு ஒலிக்க வேண்டும். சென்னையில் சைரன் ஒலித்தால் எவரோ காரைப் பின்னால் எடுக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆயா அதட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

இதில் புதியவர்கள் சிக்குவது மின் இணைப்பில்தான். டவர் அறையின் 48 வோல்ட்டில் நேர்முனைதான் எர்த்துடன் இணைந்திருக்கும்; வோல்ட்டைக் குறைக்கும் மலிவான பக் கன்வெர்ட்டரிலோ உள்ளீட்டு, வெளியீட்டு எதிர்முனைகள் உள்ளே ஒன்றாகவே இருக்கும். ஆகவே அதன் வெளியீட்டு எதிர்முனையை, வழக்கமான பழக்கத்தில், எர்த் செய்யப்பட்ட கருவிச் சட்டமான ரேக்கின் உடலோடு இணைத்தால் நேரே ஷார்ட் ஆகிவிடும். 36 முதல் 75 வோல்ட் வரை ஏற்கும், உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாத ஐசொலேட்டட் கன்வெர்ட்டரையே வாங்குங்கள். இணைக்கும் முன், மல்டிமீட்டரில் உள்ளீட்டு எதிர்முனைக்கும் வெளியீட்டு எதிர்முனைக்கும் இடையே பீப் ஒலி வராததை உறுதி செய்யுங்கள். ஃபியூஸ் கட்டாயம். மேலும், ஆயாவுக்குத் தனியாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றைக் கூரையோரம் மறைத்து வையுங்கள். இல்லையெனில் திருடன் பெரிய பேட்டரியைக் கழற்றியதுமே அவர் ஊமையாகிவிடுவார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்ற செய்தியும் அலுவலகத்துக்கு வரட்டும். அது வராமற்போவதையே அலாரமாகக் கொள்ளுங்கள்.

பின்னூட்டத்தில் கேட்டவர்களுக்காகச் சேர்ப்பது: ஆள் நடமாட்டத்தை உணரும் பிஐஆர் சென்சாரை நான் விரும்புவதில்லை. அது உடல் வெப்பத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாட்டை நம்பி இயங்குவதால், மே மாத வெயிலில் மனிதனைக் கவனிக்கத் தடுமாறும். இரவிலோ தெருநாய்க்கெல்லாம் ஆயாவை எழுப்பும். வேலியில் மின்சாரம் பாய்ச்சலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது, அது குற்றம், பந்து எடுக்க வரும் சிறுவனும் சாகக்கூடும்.

வசனத்தை அவ்வப்போது மாற்றுங்கள். புதிய பதிவை ஏற்றியதும், டீசல் ஊற்ற வருபவருக்கு முதலில் சொல்லிவிடுங்கள். அவர் கேனைப் போட்டுவிட்டு ஓடினால், சிந்திய டீசலுக்கு ஆயா கணக்குச் சொல்லமாட்டார்.