நார்தர்ன் டெரிட்டரி: மறைந்த ஓர் எல்லைத் தொகுதியின் வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் 1890 முதல் 1911இன் தொடக்கம் வரை இருந்து மறைந்த நார்தர்ன் டெரிட்டரி என்ற தேர்தல் தொகுதியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் பெயரிலேயே இடறுகிறார்கள். அப்போது தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அந்தத் தொகுதி, அடிலெய்டில் கூடிய தெற்கு ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் கீழவைக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. 1922 முதல் 2001 வரை இருந்த அதே பெயருடைய தொகுதியோ ஆஸ்திரேலியா முழுமைக்குமான கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு உரியது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டு உறுப்பினர் பட்டியலை ஒரே தொடராகத் தயாரித்தால், இடையிலிருந்த வெற்றிடம் கண்ணில் படாமலே போய்விடும்.

இடப்பெயர்களிலும் கவனம் தேவை. பழைய ஆவணங்களில் வரும் பாமர்ஸ்டன் என்பது 1911இல் டார்வின் எனப் பெயர் மாற்றப்பட்ட துறைமுக நகரமே தவிர, இன்று அதற்கருகே அதே பெயரில் இருக்கும் பிற்கால நகரம் அன்று.

தொலைவில் கிடந்ததால் இது செல்வாக்கற்ற தொகுதி என்று எழுதிவிடுவதும் பொருந்தாது. தந்திக் கம்பி 1872இலேயே அடிலெய்டை எட்டிவிட்டாலும், அந்நகரிலிருந்து டார்வின் வரையிலான ரயில் போக்குவரத்து 2004இல்தான் தொடங்கியது; அந்தக் காலத்து உறுப்பினர்கள் கண்டத்தின் கரையைச் சுற்றிக் கப்பலில்தான் போய்வர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட தொகுதியின் உறுப்பினரான வைபென் லூயிஸ் சாலமன், 1899 டிசம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் பிரதமராகவே பதவியேற்றார். அந்த அமைச்சரவை ஒரு வாரம்தான் தாங்கியது என்பது வேறு விஷயம்.

வாக்குரிமையைப் பற்றி எழுதும்போதுதான் பெரிய பிழைகள் நேர்கின்றன. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெண்களுக்குக் கிடைத்த வாக்குரிமை இங்கும் செல்லுபடியானது என்பதை மட்டும் சொல்லி, இதை முற்போக்கான தொகுதியாகச் சித்திரிப்பது பாதி உண்மையே. தொகுதியை உருவாக்கிய காலத்தில் அங்கே ஐரோப்பியரைவிடச் சீனர்களே பன்மடங்கு அதிகமாக இருந்தனர்; ஆனால் ஆசியாவில் பிறந்து பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர்களுக்கு அங்கே வாக்குரிமை இல்லை. சீனர் குடியேற்றத்தை எதிர்த்துப் பேசியே சாலமன் ஆதரவு திரட்டினார் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பூர்வகுடி மக்களைச் சட்டம் பெயர் சொல்லி விலக்கவில்லை என்றாலும், நடைமுறையில் அவர்களில் மிகச் சிலரே பட்டியலில் இடம்பெற்றனர். ஆகவே வாக்காளர் எண்ணிக்கையை மக்கள்தொகையின் அளவாகக் கொள்ளக் கூடாது.

தொகுதியின் முடிவை வெறும் நிர்வாக மாற்றமாக ஒரே வரியில் கடந்துபோவதே இவற்றுள் மிக மோசமான தவறு என்பேன். கூட்டாட்சி அமைந்த 1901 முதல் 1910 வரை, இப்பகுதி வாக்காளர்கள் தெற்கு ஆஸ்திரேலியர்கள் என்ற முறையில் மாநில, கூட்டாட்சித் தேர்தல்கள் இரண்டிலும் வாக்களித்தனர். 1907இல் ஒப்பந்தமாகி, 1911 ஜனவரி 1 அன்று இப்பகுதி கூட்டாட்சி அரசின் கைக்கு மாறியபோது, மாநிலத் தொகுதி கலைந்தது. அதற்கு ஈடாகக் கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் எந்த இடமும் தரப்படவில்லை. மாநிலமாக இல்லாமல் கூட்டாட்சி அரசின் கீழ் இருக்கும் ஆட்சிப்பகுதிகளுக்குப் பிரதிநிதித்துவம் தருவதும் தராததும் அரசமைப்பின் 122ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. இதனால், 1896 முதல் வாக்களித்து வந்த பெண்கள் உட்பட அனைவரும் ஒரே நாளில் அந்த உரிமையை இழந்தனர்.

எனவே 1918 டிசம்பரில் கூட்டாட்சி அரசு நியமித்த ஆட்சியர் கில்ருத்தின் மாளிகையை நோக்கித் திரண்ட டார்வின் கிளர்ச்சியை வெறும் தொழிற்சங்கத் தகராறாக விவரிப்பதும் போதாது. அதன் தலைவர் ஹெரால்ட் நெல்சன், பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி கட்ட மாட்டேன் என்று மறுத்து 1921இல் சிறை சென்றார். மறு ஆண்டே புதிய தொகுதியின் முதல் உறுப்பினராகவும் தேர்வானார். ஆனால் 1922இல் உரிமை திரும்பிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது: நெல்சன் அவையில் பேசலாம், வாக்களிக்க முடியாது. அந்தத் தொகுதியின் உறுப்பினருக்கு முழு வாக்குரிமை 1968இல்தான் கிடைத்தது.