மருந்துக்கு முன்னால் தண்ணீர்

கத்தரி, மிளகாய்க்கு வேரடியில் மருந்து ஊற்றுவதென்றால் முதல்நாள் பின்னேரமே பாத்தியைப் பூவாளியால் நனைத்துவிடுங்கள். மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடி, கல்லாறுப் பக்கத்து மணல் நன்றாகக் காய்ந்தால் தண்ணீரையே லேசில் உள்ளே விடாது. மேலே முத்து முத்தாக நின்று, கிடைத்த ஓட்டையால் ஒரே இடத்தில் கீழே இறங்கிவிடும். மருந்தும் அப்படித்தான், வேருக்குப் படாமல் காசு மண்ணோடு போகும். ஈர மணலில் சீராகப் பரவும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது. அவ்வளவு ஈரம் போதும். மருந்தின் அளவு லேபிளில் உள்ளதுதான்.

வெடிப்பு விழுந்த களிமண்ணுக்கு ஒருமுறை நனைப்பது காணாது. மாரியில் மண்ணுக்கு மருந்தே ஊற்றாதீர்கள்: கரையோரத்தில் கிணற்று நீர் மேலேயே நிற்கும், மழை மருந்தை அங்கே கொண்டுபோய்விடும்.