மாதவி அலங்காரத்தில் சறுக்கும் இடங்கள்

கல்யாணத்துக்கு "மாதவி கொண்டை" போட்டுவிடுங்கள் என்று கேட்கும் மணப்பெண்களைப் பார்த்தால் எனக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், மாதவி கூந்தலை எந்த மாதிரி முடிந்தாள் என்று சொல்லவே இல்லை. முடிவதற்கு முன்னால் நடப்பதும் முடிந்தபின் அணிவதும்தான் விரிவாக இருக்கின்றன. முன்வேலையை விட்டுவிட்டு நேரே கொண்டைக்குத் தாவுவதுதான் பெரிய தவறு.

பத்துத் துவர் (துவர்ப்புச் சரக்குகள்), ஐந்து விரை (வாசனைப் பொருள்கள்), முப்பத்திரண்டு ஓமாலிகை (மணச்சரக்குகள்) ஊறிய நீரில் அவள் தலை முழுகுகிறாள். பிறகு,

"புகையிற் புலர்த்திய பூமென் கூந்தலை
வகைதொறும் மான்மதக் கொழுஞ்சேறு ஊட்டி"

என்கிறது பாட்டு. அதாவது புகையில் உலர்த்தி, பகுதி பகுதியாக வகிர்ந்து, ஒவ்வொன்றிலும் குழம்பு தடவுகிறார்கள். இதை ஒரு தொழில்காரியாகப் படித்தால் சிலிர்க்கிறது. அன்று காலைதான் ஷாம்பு, கண்டிஷனர் போட்ட வழுவழு முடியில் ஹேர்பின் நிற்காது. தாலி கட்டும் முன்பே கொண்டை சரிந்து, நான் மணவறைக்குப் பின்னால் உட்கார்ந்து பின் குத்திய நாள் உண்டு. இப்போதெல்லாம் முதல் நாளே தலைக்குக் குளித்துவிடச் சொல்கிறேன். காலையில் சாம்பிராணித் தணல் மேல் கூடையைக் கவிழ்த்து, முடியை அதன்மேல் விரித்துக் காட்டுகிறேன். பிறகு வகிடு வகிடாகக் கொஞ்சம் ஜெல். ஹேர் ஸ்பிரே தீப்பற்றும்; தணலை அப்புறப்படுத்திய பிறகே அதைத் தொட வேண்டும். மான்மதம் என்பது கஸ்தூரி. கஸ்தூரி மான் 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது, அதனால் அசலைத் தேடி அலையாதீர்கள்.

அடுத்தது ஐம்பால், அதாவது பெண்கள் கூந்தலை முடிக்கும் ஐந்து வகையைக் குறிக்கும் பழஞ்சொல். இதை ஐந்து கால் பின்னல் என்று எண்ணிப் பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். பால் என்றால் வகை. ஒரு பட்டியல் குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்கிறது. இன்னொன்றில் அளகமும் துஞ்சையும் போய் முடியும் சுருளும் வருகின்றன. ஆகவே "இதுதான் அசல் பனிச்சை" என்று யாரிடமும் சத்தியம் செய்யாதீர்கள். என் கற்பனை என்று சொல்லியே போடலாம், அதில் குறைவே இல்லை.

நகையில் வருவது காலக் குழப்பம். தெய்வவுத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம் என நான்கு தலைநகைகளைச் சொல்கிறது காப்பியம். தொய்யகத்தைப் பூரப்பாளை என்றும் புல்லகத்தைத் தென்பல்லி, வடபல்லி என்றும் வேறு நகைப் பெயர்களால் விளக்கும் உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் காப்பியத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். அவர் காலத்து நகையை வைத்துத்தான் அவர் பேசியிருக்க முடியும். பரதநாட்டியத் தலைச்சாமான் செட்டை மொத்தமாக மாட்டிவிட்டு மாதவி என்றால் அது ஒட்டாது.

வரிசையையும் கவனியுங்கள். காலில் தொடங்கும் அலங்காரத்தில் தலைநகை கடைசியில்தான் வருகிறது. பட்டுப்புடவை கட்டி, கழுத்து நகை பூட்டி முடித்தபிறகு வலம்புரியை வையுங்கள். எதுவும் சிக்கி இழுபடாது.