ஸ்டாக் கார் பந்தயத்தின் புதுமுக ஓட்டுநர்களைக் கணிப்பது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

ஸ்டாக் கார் என்பது சாலையில் ஓடும் சாதாரணக் காரின் தோற்றத்தில் செய்த பந்தயக் கார். அதற்கான முதன்மைத் தொடரான அமெரிக்காவின் நாஸ்கார் கப் தொடரைப் பின்தொடரத் தொடங்கியவர்கள், பின்பக்க பம்பரில் மஞ்சள் பட்டை ஒட்டிய கார் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அந்தக் காரை ஓட்டுபவர் அந்தத் தொடரில் புதுமுகம் என்பதற்கான அடையாளம் அது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் டேடோனா 500 பந்தயத்துடன் சீசன் தொடங்கும்போது, அந்த மஞ்சள் பட்டைக்காரர் எத்தனை பந்தயங்களை வெல்வார், எந்த இடத்தில் முடிப்பார் என்ற பேச்சும் தொடங்கிவிடும். அந்தப் பேச்சில் பெரும்பகுதி ஆசையே தவிரக் கணிப்பு அல்ல. ஓர் எக்செல் தாளும் பள்ளிக்கூடக் கணக்கும் தெரிந்த எவரும் அதைவிட நிதானமான கணிப்பு ஒன்றைச் செய்துவிட முடியும். அதற்கான வழியை 2026 சீசனின் புதுமுகமான கானர் ஸிலிஷை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: எதைக் கணிக்கிறோம் என்பதை முடிவு செய்தல்

வெற்றிகளின் எண்ணிக்கையைக் கணிக்க முயலாதீர்கள். ஆண்டுக்கு 36 பந்தயங்கள். ஒவ்வொன்றிலும் நாற்பது கார்கள் வரை ஓடுகின்றன, வெல்வது ஒன்றே. ஆகவே ஒரு புதுமுகத்தின் வெற்றி எண்ணிக்கை பூஜ்யமாகவோ ஒன்றாகவோ இருப்பதே வழக்கம். கடைசி நேர மழையோ, எரிபொருள் கணக்கோ, முன்னால் நடந்த ஒரு மோதலோ அந்த எண்ணைத் தீர்மானித்துவிடுகிறது. 2009-ல் 19 வயது ஜோயி லோகானோ நியூ ஹாம்ப்ஷயரில் வென்று கப் தொடரின் மிக இளைய வெற்றியாளர் ஆனார். மழையால் பாதியில் நிறுத்தப்பட்ட பந்தயம் அது. அந்த ஆண்டின் இறுதியில் அவர் இருந்தது 20-ஆம் இடத்தில்.

சராசரி முடிவிடம், அதாவது 36 பந்தயங்களிலும் அவர் முடித்த இடங்களின் சராசரி, நம்பகமான இலக்கு. அதையே முதன்மையாகக் கணியுங்கள். புள்ளிப் பட்டியலின் இறுதி இடத்தை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு என்பதை அடுத்த படியில் பார்ப்போம்.

இரண்டாம் படி: அடிப்படைக் கோட்டை வரைதல்

இந்தப் புதுமுகத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், இவருக்கு முன் வந்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதைப் பெற்றவர்கள் சீசன் முடிவில் பிடித்த இடங்கள் இவை: 2016-ல் சேஸ் எலியட் 10, 2017-ல் எரிக் ஜோன்ஸ் 19, 2018-ல் வில்லியம் பைரன் 23, 2019-ல் டேனியல் ஹெம்ரிக் 25, 2020-ல் கோல் கஸ்டர் 16, 2021-ல் சேஸ் பிரிஸ்கோ 23, 2022-ல் ஆஸ்டின் சிண்ட்ரிக் 12, 2023-ல் டை கிப்ஸ் 18, 2024-ல் கார்சன் ஹோசவார் 21. இந்த ஒன்பது எண்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 19.

இந்த 19-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, இது விருது வாங்கியவர்களின் பட்டியல். வாங்காதவர்கள் இதில் இல்லை. 2018-ல் பப்பா வாலஸ் 28, 2022-ல் ஹாரிசன் பர்ட்டன் 27, டாட் கில்லிலாண்ட் 28, 2024-ல் ஜாஷ் பெர்ரி 27, ஸேன் ஸ்மித் 30, 2025-ல் ரைலி ஹெர்ப்ஸ்ட் 35 என்று அந்தப் பக்கத்தையும் சேர்த்தால்தான் உண்மையான படம் கிடைக்கும். மற்றொன்று, 2014 முதல் 2025 வரை நடந்த பிளேஆஃப் முறையில், ஒரு பந்தயத்தை வென்றவருக்குக் கடைசிப் பத்துப் பந்தயங்களுக்கான 16 பேர் வட்டத்தில் பெரும்பாலும் இடம் உறுதியாகிவிடும். அந்த வட்டத்துக்குள் போனவர் எவ்வளவு மோசமாக ஓடினாலும் 16-க்குக் கீழே இறங்க மாட்டார். கஸ்டரின் 16 அப்படி வந்ததுதான்: கென்டக்கியில் பெற்ற ஒரே வெற்றி அவரை அந்த வட்டத்துக்குள் கொண்டுசென்றது. டேடோனா 500-ஐ வென்ற சிண்ட்ரிக்கின் 12-லும் இதன் பங்கு உண்டு. 2026-ல் ‘சேஸ்’ என்ற பழைய முறை திரும்பியிருக்கிறது. வெற்றிக்கு 40 புள்ளிகளுக்குப் பதில் 55 கிடைக்கும். ஆனால் 16 பேரைத் தேர்வு செய்வது முழுக்கப் புள்ளிகள்தாம். ஆகவே பழைய இறுதி இடங்களைப் புதிய ஆண்டுக்குப் பயன்படுத்தும்போது, பிளேஆஃப் உதவியால் மேலே வந்தவர்களைக் கொஞ்சம் கீழே இறக்கிவைத்துப் பாருங்கள்.

என் தாளில் நல்ல அணியின் புதுமுகத்துக்கு 19 முதல் 23 வரை, நடுத்தர அணியினருக்கு 26 முதல் 30 வரை என்று இரண்டு கோடுகளை வரைந்து வைத்திருக்கிறேன்.

மூன்றாம் படி: ஓட்டுநருக்கு முன் காரைக் கணித்தல்

இந்தச் செய்முறையில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். புதுமுகத்தின் திறமையைவிட அவருக்குக் கிடைத்த கார் எவ்வளவு வேகமானது என்பதே முதல் ஆண்டின் முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

கிறிஸ்டோஃபர் பெல் 2020-ல் லெவைன் ஃபேமிலி ரேஸிங் என்ற சிறிய அணியின் காரில் 20-ஆம் இடம் பிடித்தார். அடுத்த ஆண்டு அதே ஓட்டுநர் ஜோ கிப்ஸ் ரேஸிங்கின் காருக்கு மாறினார். டேடோனா ரோட் கோர்ஸில் வென்று 12-ஆம் இடத்தில் முடித்தார். ஜாஷ் பெர்ரியின் கதையும் இதே போன்றது. 2024-ல் மூடப்படவிருந்த ஸ்டூவர்ட்-ஹாஸ் அணியில் 27-ஆம் இடத்தில் முடித்தவர், அடுத்த ஆண்டு மார்ச்சிலேயே வுட் பிரதர்ஸ் காரில் லாஸ் வேகஸ் பந்தயத்தை வென்றார். ஓராண்டு அனுபவமும் இதில் சேர்ந்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் காரின் பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிட முடியாது.

செய்யவேண்டியது இதுதான். புதுமுகத்தின் அணியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அனுபவசாலியின் முந்தைய ஆண்டுச் சராசரி முடிவிடத்தை எடுத்து எழுதுங்கள். நாஸ்காரின் தளத்திலும் ரேஸிங்-ரெஃபரன்ஸ் தளத்திலும் இது இலவசமாகக் கிடைக்கிறது. பிறகு முந்தைய பத்து ஆண்டுப் புதுமுகங்கள் ஒவ்வொருவரும் தம் அணியின் அனுபவசாலியைவிடச் சராசரியாக எத்தனை இடம் பின்தங்கினார்கள் என்று கணக்கிடுங்கள். அந்த வித்தியாசத்தை நான் ‘புதுமுகக் கழிவு’ என்று அழைக்கிறேன். கழிவு பூஜ்யமாகவோ எதிர்மறையாகவோ வருவது அரிது என்றாலும் நடந்திருக்கிறது: 2006-ல் டென்னி ஹாம்லின் போகோனோவின் இரு பந்தயங்களையும் வென்று மூன்றாம் இடம் பிடித்தபோது, அதே அணியில் இருந்த நடப்புச் சாம்பியன் டோனி ஸ்டூவர்ட் 11-ஆம் இடத்தில் முடித்தார். ஹாம்லின் முந்தைய ஆண்டின் கடைசியிலேயே ஏழு கப் பந்தயங்களை ஓட்டி, ஃபீனிக்ஸில் பந்தயத்தைத் தொடங்கும் வரிசையின் முதல் இடத்தையும் பெற்றிருந்தார். எனவே முன்னோட்டமாக ஓட்டிய கப் பந்தயங்கள் எத்தனை என்பதற்கும் தாளில் ஒரு நெடுவரிசை தேவை. வில்லியம் பைரனுக்கு அந்த நெடுவரிசையில் பூஜ்யம். அவருடைய முதல் கப் பந்தயமே 2018 டேடோனா 500 தான். அந்த ஆண்டு அவருடைய அணியின் ஏழு முறைச் சாம்பியன் ஜிம்மி ஜான்சனும் ஒரு வெற்றிகூட இல்லாமல் 14-ஆம் இடத்தில் முடித்தார் என்பதால், பைரனின் 23-ஐ வைத்து அவரை எடைபோட்டவர்கள் பின்னால் வருந்தியிருப்பார்கள்.

நான்காம் படி: கீழ்த் தொடரின் வெற்றிகளுக்கு விலை குறைத்தல்

கப் தொடருக்கு ஒரு படி கீழே உள்ளது எக்ஸ்ஃபினிட்டி தொடர். 2026 முதல் ஓ’ரெய்லி ஆட்டோ பார்ட்ஸ் தொடர் என்று பெயர் மாறியிருக்கிறது. அங்கே குவித்த வெற்றிகளைப் பார்த்து மயங்குவதுதான் தொடக்கக் கணிப்பாளர்கள் செய்யும் பெரும் தவறு.

2019 எக்ஸ்ஃபினிட்டி சீசனில் பெல் 8, கஸ்டர் 7, டைலர் ரெட்டிக் 6 என மூவரும் சேர்ந்து 33-ல் 21 பந்தயங்களை வென்றார்கள். சாம்பியன் பட்டம் ரெட்டிக்குக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு மூவரும் ஒன்றாகக் கப் தொடருக்கு வந்தபோது, மூவருக்கும் சேர்த்துக் கிடைத்த வெற்றி ஒன்றே ஒன்று. 2020-ல் 9 எக்ஸ்ஃபினிட்டி பந்தயங்களை வென்ற பிரிஸ்கோ 2021-ல் 23-ஆம் இடம். 2022-ல் 7 வெற்றிகளோடு பட்டமும் பெற்ற கிப்ஸ் 2023-ல் வெற்றியின்றி 18-ஆம் இடம். காரணம் புரியாததல்ல. கீழ்த் தொடரில் வசதியான அணிகளின் சில கார்கள் மற்றவற்றைவிடத் தெளிவாக வேகமானவை. கப் தொடரிலோ 2022-ல் அறிமுகமான நெக்ஸ்ட் ஜென் காரின் பெரும்பாலான பாகங்கள் ஒவ்வொன்றும் எல்லா அணிகளுக்கும் அதற்கென உள்ள ஒரே விற்பனையாளரிடமிருந்து வருவதால் வேக வித்தியாசம் மிகச் சிறிது. ஒரு சிறு பிழைக்குப் பத்து இடங்கள் பறிபோகும். பந்தயத்தின் நீளமும் கூடுகிறது. சார்லட்டில் நடக்கும் கோகோ கோலா 600 முழுதாக 600 மைல்.

ஸிலிஷ் 2025-ல் அந்தத் தொடரில் 10 வெற்றிகள் பெற்றும் பட்டத்தைக் கடைசிப் பந்தயத்தில் ஜெஸ்ஸி லவ்விடம் இழந்தார். அந்தப் பத்தில் ஒன்று, காறை எலும்பு முறிவிலிருந்து அவர் மீண்டுவந்தபோது டேடோனாவில் கிடைத்தது. பந்தயத்தைத் தொடங்கி வைத்துவிட்டு அவர் இறங்கிக்கொள்ள, மீதியை ஓட்டி முதலில் வந்தவர் பார்க்கர் கிளிகர்மன். தொடங்கியவர் பெயரில்தான் வெற்றி சேரும் என்பது விதி. எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

வேறு வகைப் பந்தயங்களிலிருந்து வருபவர்களுக்கு இந்தப் படி பொருந்தாது. ஃபார்முலா ஒன்னில் ஓட்டியிருந்த கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன் 2010-ல் நாஸ்காரின் டிரக் தொடருக்குச் சென்றபோது, மார்ட்டின்ஸ்வில்லில் தம் முதல் பந்தயத்தை 13-ஆவதாக முடித்தார். அந்த ஆண்டு டிரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதும் அவருக்குத்தான். அப்படிப்பட்டவர்களுக்குக் கீழ்த் தொடர்க் கணக்கே இல்லாததால், அடுத்த படியையே நம்ப வேண்டும்.

ஐந்தாம் படி: தடங்களைப் பிரித்துக் கணக்கிடுதல்

2025-ல் நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கன் புதுமுகமாக 5 பந்தயங்களை வென்றார். ஐந்தும் இடமும் வலமுமாக வளைந்து செல்லும் ரோட் கோர்ஸ்களிலும் நகரத் தெருக்களிலும்தான். அந்த ஆண்டு அத்தகைய பந்தயங்கள் ஆறு. ஓவல் எனப்படும் முட்டை வடிவத் தடங்களிலோ அவர் பெரும்பாலும் இருபதுக்குப் பின்னால்தான் ஓடினார். இவருடைய ஆண்டை ஒரே சராசரியால் விவரித்தால் இரண்டு மனிதர்களைக் கூட்டி இரண்டால் வகுத்தது போலாகிவிடும்.

ஆகவே 36 பந்தயங்களை மூன்று கட்டுகளாகப் பிரியுங்கள். 2026-ல் ரோட் கோர்ஸ், தெருத் தடம் 4: ஆஸ்டின், வாட்கின்ஸ் கிளென், சான் டியேகோ, சொனோமா. கார்கள் கூட்டமாக ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி ஓடும் டேடோனா, டாலடேகா, அட்லாண்டா ஆகியவற்றில் தலா இரண்டு என 6. மீதி 26 சாதாரண ஓவல்கள்.

இப்போது கணக்கு. ஸிலிஷின் ட்ராக்ஹவுஸ் அணியில் அனுபவசாலியின் ஓவல் சராசரி 17 என்றும், உங்கள் தாளில் வந்த புதுமுகக் கழிவு 5 என்றும் வைத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்கான எண்கள், நீங்கள் உண்மையானவற்றை இடுங்கள். சாதாரண ஓவலுக்கு 22 ஆகிறது. கூட்ட ஓட்டத் தடங்களில் விபத்துகள் யாரையும் விட்டுவைப்பதில்லை. எல்லோரும் நடுவை நோக்கி இழுக்கப்படுகிறார்கள். அங்கே 21 போடலாம். ரோட் கோர்ஸில் ஸிலிஷ் இளம் வயதிலிருந்தே வல்லவர் என்பதால் 11. இனிப் பெருக்கிக் கூட்டுங்கள்: 4 முறை 11, 6 முறை 21, 26 முறை 22, மொத்தம் 742. அதை 36-ஆல் வகுத்தால் 20.6.

ரோட் கோர்ஸ் எண்ணை 11-லிருந்து 5 ஆக மாற்றிப் பாருங்கள். 20.6 வெறும் 19.9 ஆகிறது. வளைவுத் தடங்களில் எவ்வளவு அற்புதமாக ஓட்டினாலும் நான்கே பந்தயங்களால் ஓர் ஆண்டைத் தூக்கி நிறுத்த முடியாது. அவற்றில் ஒன்றும் கடைசிப் பத்தில் இல்லை. நானே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வரை இதை நம்பவில்லை.

ஆறாம் படி: விபத்துகளுக்கு இடம் விடுதல்

1993-ல் ஜெஃப் கார்டன் சிறந்த புதுமுகம் ஆனபோது 11 பந்தயங்களை முடிக்காமலே விலகியிருந்தார். ஆண்டின் இறுதியில் 14-ஆம் இடம். முடிக்காத ஒவ்வொரு பந்தயமும் சராசரியை நாலு கால் பாய்ச்சலில் கெடுக்கும் என்பதால், கணிப்பை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் எல்லையாகச் சொல்லுங்கள். மேலே உள்ள எடுத்துக்காட்டில் கணிப்பு 20.6, எல்லை 18 முதல் 24 வரை.

ஏழாம் படி: சீசனுக்கு நடுவில் திருத்துதல்

இந்தியாவில் இருந்து பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலான பந்தயங்கள் திங்கட்கிழமை அதிகாலையில்தான் முடியும். தூக்கக் கலக்கத்தில் கணிப்பை மாற்றாதீர்கள். மாற்றுவதற்கு ஒரு சூத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். நடந்த பந்தயங்களின் எண்ணிக்கையை, அதனுடன் 12-ஐக் கூட்டி வந்த எண்ணால் வகுத்தால் வருவதே புதிய தரவுக்குக் கொடுக்கவேண்டிய எடை. 8 பந்தயங்கள் முடிந்து சராசரி 26 என்று இருந்தால், எடை 8-ஐ 20-ஆல் வகுத்த 0.4. பழைய கணிப்பு 20.6-க்கு 0.6 எடை. திருத்திய மதிப்பு 22.8. அந்த 12 என் தேர்வு. பழைய புதுமுகங்களின் தரவில் சோதித்து நீங்கள் வேறு எண்ணையும் எடுக்கலாம்.

எட்டாம் படி: மதிப்பெண் போடுதல்

சீசன் தொடங்கும் முன்பே சில ஆம்-இல்லை கேள்விகளுக்குச் சதவீதம் எழுதி, தேதியிட்டுப் பூட்டிவிடுங்கள். ஸிலிஷ் சேஸ் வட்டத்துக்குள் வருவாரா என்பதற்கு நான் எழுதியிருப்பது 25 சதவீதம், அதாவது 0.25. வராவிட்டால் 0.25-ஐ அதனாலேயே பெருக்கிய 0.0625 என் பிழை, வந்துவிட்டால் 0.75-இன் வர்க்கமான 0.5625. எல்லாக் கேள்விகளின் பிழைகளையும் சராசரி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 50 சதவீதம் என்று எழுதிவைத்தவருக்கு 0.25 வரும், அதைவிடக் குறைவாக வந்தால் உங்கள் தாள் வேலை செய்கிறது. நவம்பரில் ஹோம்ஸ்டெட் பந்தயம் முடிந்ததும் ஸிலிஷின் உண்மையான சராசரியையும், அணியின் அனுபவசாலியோடு உள்ள வித்தியாசத்தையும் இரண்டாம், மூன்றாம் படிகளின் பட்டியலில் புதிய வரியாகச் சேர்த்துவிட்டு, அடுத்த பிப்ரவரிக்கான கழிவை மறுபடி கணக்கிடுங்கள்.